கண்ணாடிச் சக்கரம்: திரையில் சுழலும், சாலையில் ஓடுமா?

ஒரு சிவப்பு நிறக் கார். அதன் நான்கு சக்கரங்களும் கண்ணாடியைப் போலத் தெளிவாக இருக்கின்றன. சக்கரத்தின் ஊடாகப் பின்னால் உள்ள நடைபாதை தெரிகிறது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கார் தரையைத் தொடாமல் மிதப்பது போலத் தோன்றுகிறது. இப்படி ஒரு படமோ வீடியோவோ உங்களுக்கும் வந்திருக்கலாம். பார்த்தவுடன் இரண்டு கேள்விகள் எழும். இது நிஜமா? நிஜமில்லை என்றால், இனிமேலாவது வருமா?

திருவொற்றியூரில் இருக்கும் என் சித்தி மகனுக்கு முதல் கேள்வி எழவே இல்லை. அவன் நேராக மூன்றாவது கேள்விக்குப் போய்விட்டான். "அக்கா, ஒரு செட் முப்பதாயிரமாம். பத்தாயிரம் அட்வான்ஸ் அனுப்பினா போதும், வீட்டுக்கே வந்துடும். என் காருக்குச் சரியா இருக்குமா?" என்று போனை நீட்டினான். விற்பவரின் முகவரி இல்லை. ஒரு மொபைல் எண்ணும் பணம் அனுப்ப ஒரு கியூ.ஆர். கோடும் மட்டும் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இந்தக் கேள்விக்கு விடை தேடினோம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் நீங்களும் இதே வழியில் விடை காணலாம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் படத்தைச் சந்தேகப்படுங்கள்

படத்தை போனில் பார்க்காமல் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பெரிய திரையில் பாருங்கள். குரோம் பிரவுசரில் படத்தைத் திறந்து, அதன் மீது மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்தால், கூகுள் லென்ஸ் மூலம் தேடும் வசதி கிடைக்கும். அதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று அது காட்டும். சித்தி மகன் காட்டிய படம், முப்பரிமாணப் படங்கள் வரையும் ஒரு கலைஞரின் தொகுப்பில் முன்பே இருந்தது. அவர் அதை வரைந்த படம் என்றே சொல்லியிருந்தார். யாரோ அதை எடுத்து விலை எழுதிவிட்டார்கள்.

ஆனால் இந்தத் தேடலை மட்டும் நம்ப முடியாது. செயற்கை நுண்ணறிவு புரோகிராம்கள் புதிதாக உருவாக்கும் படத்துக்கு, தேடிப் பிடிக்க மூலப் படம் என்று ஒன்று இருக்காது. எனவே கண்ணையும் கொஞ்சம் பயன்படுத்த வேண்டும். கண்ணாடிச் சக்கரப் படத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிரேக் எங்கே?

சக்கரம் தெளிவாக இருந்தால் அதன் பின்னால் உள்ள டிஸ்க் பிரேக், அச்சு, போல்ட்டுகள், ஸ்பிரிங் எல்லாம் தெரிந்தாக வேண்டும். நடைபாதை மட்டும் தெரிந்தால் அந்தக் கார் நிற்பதற்கு வழியே இல்லை! இன்னொன்றையும் கவனியுங்கள். தண்ணீர் நிரம்பிய டம்ளரின் பின்னால் விரலை வைத்தால் அது வளைந்தும் பெரிதாகவும் தெரியும். தடிமனான கண்ணாடிச் சக்கரமும் அப்படித்தான் பின்னணியை வளைத்துக் காட்ட வேண்டும். பின்னணி நேராகவும் சுத்தமாகவும் தெரிந்தால், யாரோ சக்கரத்தை அழித்துவிட்டு ஓரங்களில் மட்டும் பளபளப்பு தீட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

திரையில் ஐந்தே நிமிடம்

இப்படி ஒரு சக்கரத்தைத் திரையில் செய்வது எவ்வளவு எளிது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை ஏமாற மாட்டீர்கள். பிளண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருள் இலவசம். 2002 முதல் திறந்த மூல மென்பொருளாக இருக்கிறது. இதை உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளுங்கள்.

பிளண்டரைத் திறந்ததும் நடுவில் ஒரு கனசதுரம் இருக்கும். ஜி கீயை அழுத்தி மவுஸை நகர்த்தி அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பிறகு ஷிப்ட் கீயுடன் ஏ கீயை அழுத்தினால் ஒரு மெனு வரும். அதில் மெஷ், பிறகு டோரஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டயர் போன்ற வளையம் ஒன்று கிடைக்கும். வலது பக்கம் மெட்டீரியல் பகுதியில் நியூ என்பதைக் கிளிக் செய்யுங்கள். ரஃப்னஸ் என்பதை 0 ஆக்குங்கள். டிரான்ஸ்மிஷன் என்ற பகுதியைத் திறந்து அதன் அளவை 1 ஆக்குங்கள். ஐ.ஓ.ஆர். என்ற இடத்தில் 1.49 என்று டைப் செய்யுங்கள். இது அக்ரிலிக் பிளாஸ்டிக் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் குறிக்கும் எண். ரெண்டர் என்ஜினாக சைக்கிள்ஸைத் தேர்ந்தெடுத்து எப்12 கீயைத் தட்டினால், கண்ணாடி வளையம் ஒன்று திரையில் தோன்றும். அதன் ஊடே கனசதுரம் வளைந்து தெரியும்.

இதில் நாம் எதை இழந்தோம்? எதுவும் இல்லை. திரையில் இருக்கும் சக்கரத்துக்கு எடை இல்லை, சூடு இல்லை, பள்ளம் இல்லை. வளையம் தெளிவாக வேண்டும் என்றால் ஓர் எண்ணை மாற்றினால் போதும். சாலையில் கதை வேறு. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சிறிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் பொதுவாகச் சக்கரம் என்று சொல்வதில் இரண்டு பாகங்கள் உள்ளன. வெளியே இருப்பது டயர். அது ரப்பர். உள்ளே இருப்பது ரிம். அது எஃகு அல்லது அலுமினியக் கலவை. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

பலூன் தெளிவு, டயர் கறுப்பு

டயரின் கதைக்கு நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எம்.ஆர்.எப். என்று நாம் அறியும் மெட்ராஸ் ரப்பர் பேக்டரி, திருவொற்றியூரில் ஒரு சிறிய கொட்டகையில் தொடங்கியது. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை அங்கே முதலில் செய்தது டயர் அல்ல, குழந்தைகள் விளையாடும் பலூன். 1952-ல் பழைய டயர்களுக்கு மேல் ஒட்டும் டிரெட் ரப்பருக்கு வந்தார்கள். 1961-ல் டயர் தயாரிப்பில் இறங்கினார்கள்.

ஒரு பலூனை ஊதி வெளிச்சத்தில் பிடியுங்கள். மறுபக்கம் இருக்கும் உங்கள் கை மங்கலாகத் தெரியும். ரப்பர் பாலுக்கு இயற்கையாகவே கறுப்பு நிறம் கிடையாது. அப்படியானால் டயர் ஏன் கறுப்பு? அதில் கார்பன் பிளாக் எனப்படும் நுண்ணிய கரித்தூள் சேர்க்கப்படுகிறது. டயரின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இதுதான். 1900-களின் தொடக்கத்தில் வந்த டயர்கள் வெளிர் நிறத்தில், வெள்ளையாகவே இருந்தன. அவை சீக்கிரம் தேய்ந்தன. கரித்தூள் சேர்த்த பிறகு டயரின் ஆயுள் பல மடங்கு கூடியது.

கரித்தூள் நிறத்துக்காகச் சேர்க்கப்படுவது அல்ல. அது ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளைப் பற்றிப் பிடித்து, தேய்மானத்தைத் தாங்க வைக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களைத் தான் வாங்கிக்கொண்டு ரப்பர் வெடிக்காமல் காக்கிறது. சூட்டைக் கடத்தி ஒரே இடத்தில் தங்காமல் பார்த்துக்கொள்கிறது. இந்த மூன்று வேலைகளையும் செய்யும் பொருள், வேறு வழியில்லாமல் ஒளியையும் விழுங்கிவிடுகிறது. ஆக, பலூன் டயராக மாற வேண்டும் என்றால் தெளிவை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

கரித்தூளை விட்டுவிட்டு வெள்ளை நிற சிலிக்காவைச் சேர்க்கலாமே என்று கேட்கலாம். சேர்க்கிறார்கள். இன்றைய கார் டயர்கள் பலவற்றில் சிலிக்கா உண்டு. எரிபொருளை மிச்சப்படுத்தவும் ஈரச் சாலையில் பிடிப்பைக் கூட்டவும் அது உதவுகிறது. ஆனாலும் டயரின் உள்ளே எஃகுக் கம்பி வலைகளும் நைலான், பாலியஸ்டர் நூல்களும் இருக்கின்றன. ரப்பரைப் பளிங்கு போலச் செய்தாலும் உள்ளே தெரியப்போவது இந்த எலும்புக்கூடுதான். கம்பியும் நூலும் இல்லாமல் டயர் தன் வடிவத்தில் நிற்காது.

1961-ல் ஒளிர்ந்த டயர்

இதை உண்மையிலேயே முயன்று பார்த்தவர்கள் உண்டா? உண்டு. திருவொற்றியூரில் பலூன் கொட்டகை டயர் கம்பெனியாக மாறிய அதே 1961-ல், அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் ஒளி ஊடுருவும் டயர் ஒன்றைக் காட்டியது. வில்லியம் லார்சன் என்ற வேதியியலாளரின் உழைப்பு அது. இயற்கை ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளில் டயரை வார்த்தார்கள். விரும்பிய சாயத்தைச் சேர்க்கலாம். ரிம்மில் சின்னச் சின்ன பல்புகளைப் பொருத்தியதும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று டயரே ஒளிர்ந்தது. அதை மாட்டிய டாட்ஜ் போலாரா கார் நியூயார்க் வீதியில் போனபோது மக்கள் நின்று பார்த்தார்கள்.

கண்ணாடி போன்ற முழுத் தெளிவு அதில் இல்லை. எண்ணெய்த் தாள் போல ஒளி மட்டும் கசியும். ஆனாலும் அழகுக்குக் குறையில்லை. பிறகு ஏன் கடைக்கு வரவில்லை? ஈரச் சாலையில் பிடிப்பு போதவில்லை. பிரேக்கை அழுத்தி மிதித்தால் சூட்டில் பொருள் இளகியது. விலையும் கட்டவில்லை. சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. கோல்டன் சஹாரா 2 என்ற காட்சிக் கார் ஒன்று இத்தகைய டயர்களோடு புகழ்பெற்றது. அந்தக் காரைப் புதுப்பித்து 2019-ல் ஜெனிவா மோட்டார் கண்காட்சியில் வைத்தபோது, குட்இயர் மறுபடியும் ஒளிரும் டயர் செய்து கொடுத்தது. கண்காட்சியில் நிற்கும் காருக்கு மழையும் இல்லை, பிரேக்கும் இல்லை.

"பிரேக் பிடித்தால் இளகுமா?" என்று சித்தி மகன் நம்பாமல் கேட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறது. அதற்கு உள்ள இயக்க ஆற்றல் சுமார் 2.47 லட்சம் ஜூல். நிறுத்தும்போது அதன் பெரும் பகுதி வெப்பமாக மாறுகிறது. ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து ஏறக்குறைய 90 டிகிரி வரை கொதிநிலைக்கு அருகே கொண்டு போகத் தேவையான வெப்பம் அது. ஒரே ஒரு முறை நிற்பதற்கு இவ்வளவு! எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய் வந்தவர்களுக்கு, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை பிரேக் மிதிக்க வேண்டும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுவோம். அந்தக் காரில் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 250 கிலோ. காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. என்றால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 110 சதுர சென்டிமீட்டர். அதாவது உங்கள் உள்ளங்கை அளவு. நவம்பர் மழையில் தண்ணீர் தேங்கிய சாலையில், குடும்பத்தோடு போகும் காரைப் பிடித்து நிறுத்துவது இந்த நான்கு உள்ளங்கைகள்தான். அங்கே வழுக்கும் பொருளை வைத்து அழகு பார்க்க முடியாது.

ரிம்: கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

சரி, டயர் கறுப்பாகவே இருக்கட்டும். ரிம்மை மட்டும் தெளிவாகச் செய்தால்? சித்தி மகன் காட்டிய விளம்பரமும் இதைத்தான் சொன்னது.

தெளிவான பொருள் என்றால் கண்ணாடி, அக்ரிலிக், பாலிகார்பனேட் ஆகிய மூன்றுதான் முக்கியமானவை. கண்ணாடியின் விறைப்பு அலுமினியத்துக்குச் சமம் என்றால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அலுமினியம் பள்ளத்தில் இடித்தால் நெளியும். கண்ணாடிக்கு நெளியத் தெரியாது. ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் அதிலிருந்து ஓடும் விரிசல் நிற்காது.

பிளாஸ்டிக்குகளின் குணத்தை உங்கள் கம்ப்யூட்டர் மேஜையிலேயே பார்க்கலாம். பழைய சி.டி. ஒன்றையும் அதன் தெளிவான பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். சி.டி. செய்யப்படுவது பாலிகார்பனேட்டில். லேசாக வளைத்தால் வளைந்து கொடுத்துத் திரும்பும். பெட்டி பாலிஸ்டைரீன். கீழே விழுந்தால் மூலை உடைந்துவிடும். ஒன்று உடையாது, ஆனால் வளையும். மற்றொன்று வளையாது, ஆனால் உடையும். தெளிவான பிளாஸ்டிக்குகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

பாலிகார்பனேட்டை விட அலுமினியம் சுமார் 30 மடங்கு விறைப்பானது. அக்ரிலிக்கை விட 20 மடங்குக்கும் மேல். அந்த விறைப்பைப் பிளாஸ்டிக்கில் பெற வேண்டும் என்றால் ரிம் மிகத் தடிமனாக வேண்டும். அப்போது பிரேக்கை வைக்க உள்ளே இடம் இருக்காது. இருந்தாலும் அடுத்த சிக்கல் சூடு. அக்ரிலிக் சுமார் 105 டிகிரியிலும் பாலிகார்பனேட் 150 டிகிரிக்குச் சற்று முன்னரும் இளகத் தொடங்கும். தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிஸ்க்கின் சூடு இதையெல்லாம் எளிதாகத் தாண்டிவிடும். ரிம் அந்த டிஸ்க்கை ஒட்டியே இருக்கிறது.

மூன்றாவது சிக்கல் களைப்பு. மனிதருக்கு மட்டும் அல்ல, பொருளுக்கும் களைப்பு உண்டு. 60 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 530 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரிம்மின் ஒவ்வொரு பகுதியும் ஒரு முறை சுமையை வாங்கி விடுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 53 லட்சம் முறை. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடுகிறது அல்லவா? அதே கதைதான். அதனால்தான் ஒரு ரிம் விற்பனைக்கு வரும் முன் அதைச் சுழற்றி வளைத்தும், சுமை ஏற்றி ஓட்டியும், எடையைப் போட்டு இடித்தும் மூன்று விதமாகச் சோதிக்கிறார்கள். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை இந்தியாவில் வாகனங்களையும் உதிரி பாகங்களையும் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்புகள். விளம்பரத்தில் அப்படி ஒரு சான்றும் இல்லை.

மானிட்டர் முன் ஒரு சோதனை

இவ்வளவு சொல்லியும் சித்தி மகன் முகத்தில் தெளிவு வரவில்லை. "பார்க்க நல்லா கனமாத்தானே இருக்கு?" என்றான். அப்போதுதான் இந்தச் சோதனையைச் செய்து காட்டினேன். இதற்குத் தேவை ஒரு எல்.சி.டி. மானிட்டர், ஒரு போலரைஸ்டு கூலிங் கிளாஸ், ஒரு தெளிவான பிளாஸ்டிக் ஸ்கேல் அல்லது சி.டி. பெட்டி.

1. நோட்பேட் புரோகிராமைத் திறந்து, விண்டோவைப் பெரிதாக்கி, திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும்படி செய்யுங்கள்.

2. கூலிங் கிளாஸைக் கையில் பிடித்து அதன் ஊடே திரையைப் பாருங்கள். கிளாஸை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் திரை இருண்டுவிடும். இருளவே இல்லை என்றால் உங்கள் கிளாஸ் போலரைஸ்டு வகை அல்ல.

3. திரை இருண்ட நிலையில், திரைக்கும் கிளாஸுக்கும் நடுவே ஸ்கேலைக் காட்டுங்கள். நிறம் சரியாகத் தெரியாவிட்டால் ஸ்கேலைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள்.

வெறும் கண்ணுக்கு நிறமே இல்லாத பிளாஸ்டிக்கில் வானவில் போல வண்ணப் பட்டைகள் தெரியும்! இப்போது ஸ்கேலை லேசாக வளையுங்கள். பட்டைகள் நகரும். சி.டி. பெட்டியை வைத்துப் பாருங்கள். மூலைகளிலும் துளைகளைச் சுற்றியும் வண்ணங்கள் நெருக்கமாகக் கூடி நிற்கும்.

எல்.சி.டி. திரையில் இருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்கிறது. பிளாஸ்டிக்கின் உள்ளே இறுக்கம் இருக்கும் இடத்தில் அந்த ஒளி மாறுபடுகிறது. கூலிங் கிளாஸ் அந்த மாறுபாட்டை நிறமாகக் காட்டுகிறது. வண்ணங்கள் நெருங்கி இருக்கும் இடம், இறுக்கம் வேகமாக மாறும் இடம். விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

நான் சி.டி. பெட்டியின் மூலையைக் காட்டினேன். "இது மேல எந்தச் சுமையும் இல்ல. வார்க்கும்போதே உள்ள தங்கிப்போன இறுக்கம் இது. உன் ரிம்முல நாலு போல்ட்டுக்கு நாலு துளை போடணும். அங்க முறுக்கி இறுக்கணும். அதுக்கு மேல 250 கிலோ. அதுக்கு மேல பள்ளம்" என்றேன். அவன் கிளாஸை வாங்கி வெகுநேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இது விளையாட்டுச் சோதனை அல்ல. கம்ப்யூட்டர் பரவலாவதற்கு முன், இயந்திர பாகங்களை வடிவமைத்த பொறியாளர்கள் அவற்றின் மாதிரியைத் தெளிவான பிளாஸ்டிக்கில் செய்து, சுமை ஏற்றி, இதே முறையில்தான் பலவீனமான இடங்களைக் கண்டுபிடித்தார்கள். பற்சக்கரம், கொக்கி, பாலத்தின் பகுதி என்று பலவற்றையும் அப்படிப் பார்த்தார்கள். அதாவது கண்ணாடிச் சக்கரத்துக்கு உண்மையான பயன் ஒன்று இருந்தது. ஓட்டுவதற்கு அல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு! இந்தத் துறையில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் கே. ரமேஷ் எழுதிய நூல் 2000-ல் வெளியானது. இந்த வண்ணப் பட்டைகளைக் கேமராவில் எடுத்துக் கம்ப்யூட்டரில் அளக்கும் முறைகளை அது விளக்குகிறது. என்.பி.டெல். தளத்தில் அவருடைய வீடியோ பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம்.

இன்று அந்தப் பிளாஸ்டிக் மாதிரிகளின் வேலையைப் பெரும்பாலும் மென்பொருள் செய்கிறது. சக்கரத்தைத் திரையில் வரைந்து, ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் விழும் சுமையைக் கணக்கிட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் கொடுத்துக் காட்டுகிறது. சிவப்பு என்றால் ஆபத்து. பிரீகேட் என்ற இலவச மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. பிளண்டரும் பிரீகேடும் ஒரே சக்கரத்தைத்தான் வரைகின்றன. முதலாவது எப்படித் தெரியும் என்று சொல்கிறது. இரண்டாவது தாங்குமா என்று சொல்கிறது. நமக்கு வரும் படங்கள் எல்லாம் முதல் வகை. கார் வாங்குபவருக்குத் தேவை இரண்டாவது.

ஏற்கனவே ஓடும் தெளிவுச் சக்கரங்கள்

கண்ணாடிச் சக்கரம் எங்குமே கிடையாதா? உண்டு. ஒருவேளை நீங்கள் இப்போது அதன் மீதே உட்கார்ந்திருக்கலாம். கம்ப்யூட்டர் நாற்காலிகளுக்குத் தெளிவான பாலியூரிதேன் சக்கரங்கள் கிடைக்கின்றன. குழந்தைகளின் ரோலர் ஸ்கேட்டிலும் உண்டு. சிலவற்றின் உள்ளே சின்ன விளக்கும் எரியும். குட்இயர் 1961-ல் கண்ட கனவு, நம் வீட்டுக் குழந்தையின் காலில் நிறைவேறியிருக்கிறது. அங்கே சுமை குறைவு, வேகம் குறைவு, பிரேக் சூடு இல்லை. அதனால் பொருள் தாங்குகிறது.

ஊடே பார்க்கும்படியான கார் சக்கரமும் ஒன்று வந்திருக்கிறது. மிஷ்லின் நிறுவனம் 2019-ல் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து அறிமுகப்படுத்திய அப்டிஸ் டயரில் காற்றே இல்லை. ரப்பரும் கண்ணாடி இழையும் கலந்த வளையும் கால்கள் சுமையைத் தாங்குகின்றன. அந்தக் கால்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் மறுபக்கம் தெரிகிறது. 2023-ல் சிங்கப்பூரில் டி.எச்.எல். கூரியர் வேன்களில் இதைப் பொருத்தி ஓட்டினார்கள். பொருளைத் தெளிவாக்குவதற்குப் பதிலாகப் பொருளையே குறைத்துவிட்டார்கள். பஞ்சர் ஆகாது என்பது இதன் பயன். அழகு, கூடவே வந்த இலவச இணைப்பு. ஆனால் நாம் கடையில் போய்க் கேட்டு வாங்கும் நிலை இன்னும் வரவில்லை.

நாளை சூட்டையும் இடியையும் தாங்கும் தெளிவான புதிய பொருள் வந்தால்? அப்போதும் எங்கள் பகுதிக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரச் சாலையில் ஓடும் எந்த வண்டியையும் பாருங்கள். உப்புக் காற்று, மணல், லாரிப் புழுதி, அனல் மின் நிலையச் சாம்பல், பிரேக்கில் இருந்து உதிரும் இரும்புத் தூள் எல்லாம் சக்கரத்தில்தான் போய் ஒட்டுகின்றன. பிளாஸ்டிக்கில் ஒரு முறை அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். முகப்பு விளக்கின் மூடியே சில ஆண்டுகளில் மஞ்சளாக மங்கிவிடுகிறது. அது செய்யப்படுவதும் பாலிகார்பனேட்டில்தான், அதுவும் பாதுகாப்புப் பூச்சுடன். அப்படியானால் சக்கரம் எத்தனை மாதம் கண்ணாடியாக இருக்கும்?

ஆக, நமது கேள்விக்கு விடை இது. மெதுவாக உருளும் சிறிய சக்கரம் தெளிவாக இருக்கலாம், இருக்கிறது. கண்காட்சியில் நிற்கும் கார் தெளிவான டயரில் நிற்கலாம், நின்றிருக்கிறது. ஆனால் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேகமாகச் சாலையில் ஓடும் காருக்கு இன்றுள்ள பொருள்களில் கண்ணாடிச் சக்கரம் நடைமுறைக்கு வராது. தேய்மானம் தாங்கவும், சூட்டைக் கடத்தவும், இடித்தால் உடையாமல் நெளியவும் நாம் தேர்ந்தெடுத்த பொருள்கள் எல்லாம் ஒளியை மறைப்பவையாக அமைந்துவிட்டன.

பணம் அனுப்பும் முன்

* படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். கூகுள் லென்ஸில் தேடுங்கள்.

* எந்தப் பொருளில் செய்தது, எந்த அமைப்பு சோதித்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

* டயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

* வாகனத்தில் பெரிய மாற்றம் செய்யும் முன் யோசியுங்கள். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

* ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். இது இணைய வழிப் பண மோசடிகளுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அதிகம்.

சித்தி மகன் விற்பவருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினான்: "பிரேக் எங்கே?" அதற்குப் பிறகு அந்த எண்ணில் இருந்து பதில் வரவில்லை. பத்தாயிரம் ரூபாய் அவன் பையிலேயே இருக்கிறது. முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்ததால் அந்தப் பணத்தில் புது டயர் மாட்டலாம் என்று சித்தி சொல்லியிருக்கிறார். கறுப்பு டயர்தான். உங்கள் வீட்டிலும் ஒரு ஸ்கேலையும் கூலிங் கிளாஸையும் எடுத்துக்கொண்டு இன்றே மானிட்டர் முன் உட்கார்ந்து பாருங்களேன்!